டயர் பாலிஷ் எத்தனை நாள் நிற்கும்?

திருவள்ளூர் மாவட்டத்துக்கு ஒரு வினோதமான பெருமை உண்டு. டயருக்குக் கருப்பு நிறம் கொடுக்கும் கார்பன் பிளாக் என்ற கரித்தூள் இங்கேயே தயாராகிறது. கும்மிடிப்பூண்டி பக்கம் தேர்வாய் கண்டிகை சிப்காட்டில் பி.சி.பி.எல். நிறுவனத்தின் ஆலை 2023-இல் ஓடத் தொடங்கியது. அதே சிப்காட்டில் மிஷலின் டயர் ஆலை இருக்கிறது. 2009-இல் தமிழக அரசோடு ஒப்பந்தம் போட்டு வந்த பிரெஞ்சு கம்பெனி. (அந்த நிலத்துக்காக ஊர் மக்கள் நடத்திய போராட்டம் தனிக் கதை, அதைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.) திருவள்ளூர் பக்கம் ஒரு காலத்தில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் மிட்சுபிஷி லான்சர் செய்துகொண்டிருந்தது. இப்போது அந்தப் பக்கத்தில் சிட்ரோயன் கார்கள் தயாராகின்றன. ஆயுள் முடிந்த டயரை உருக்கி எண்ணெய் எடுக்கும் பைரோலிசிஸ் ஆலைகளும் இந்த வட்டாரத்தில் உண்டு. ஆக, கரியில் ஆரம்பித்து கழிவு வரை டயரின் முழு ஜாதகமும் ஒரே மாவட்டத்துக்குள் அடங்கிவிடுகிறது.

ஆனால் இந்த மாவட்டத்துச் சாலையில் ஒரு வாரம் ஓடிய கார் டயரைப் பாருங்கள். கருப்பாக இருக்காது.

கும்மிடிப்பூண்டி இரும்பு ஆலைகளின் தூசி ஒரு பக்கம். வல்லூர், வடசென்னை அனல் மின் நிலையங்களின் சாம்பலை ஏற்றிப் போகும் லாரிகள் இன்னொரு பக்கம். காமராஜர் துறைமுகத்துக்கும் காட்டுப்பள்ளிக்கும் போகிற கண்டெய்னர் வண்டிகள் கிளப்பும் மண் வேறு. மீஞ்சூர் பக்கம் வண்டி கழுவினால் தண்ணீரே எதிரி. அங்கே நிலத்தடி நீரில் கடல் நீர் கலந்துவிட்டதை 1960-களின் கடைசியிலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். அந்தப் போர் தண்ணீரில் கழுவிக் காய விட்டால் டயர் ஓரத்தில் வெள்ளை வெள்ளையாக உப்புத் திட்டு நிற்கும். இதனால்தான் இந்தப் பக்கம் கார் வைத்திருப்பவர்களில் பாதிப் பேர் வாட்டர் வாஷ் கடையில் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள்: "பாலிஷ் போட்டா எத்தனை நாள் நிக்கும்ணே?"

கடைக்காரர் சொல்லும் பதில், "நல்லா நிக்கும் சார்." பாட்டிலில் எழுதியிருக்கும் பதில், "மூன்று மாதம் வரை", "ஆறு மாதம் வரை", சிலவற்றில் "ஒரு வருடம் வரை". இந்த "வரை" என்ற சொல்லைத்தான் கவனிக்க வேண்டும். ஆறு மாதம் வரை என்றால் ஆறு நாளும் அதில் அடக்கம். தள்ளுபடிப் போர்டில் "50 சதவீதம் வரை" என்று எழுதிவிட்டு உள்ளே பத்து சதவீதம் கொடுக்கும் ஆடி மாத ஜவுளிக்கடையை எல்லோருக்கும் தெரியும். அங்கே உஷாராக இருக்கிறவர்கள்கூட டயர் பூச்சு வாங்கும்போது "வரை"யை விட்டுவிட்டு ஆறு மாதத்தை மட்டும் படித்துவிட்டு வருகிறார்கள்.

பூச்சு எத்தனை நாள் நிற்கும் என்பதைப் பாட்டில் மட்டும் தீர்மானிப்பதில்லை. டயரும் ஊரும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. அது தெரிந்தால் இந்தச் சந்தையில் பாதி ஏமாற்றம் குறைந்துவிடும்.

முதலில் டயர். ரப்பருக்கு இயற்கை நிறம் கருப்பு கிடையாது. ஆரம்ப கால டயர்கள் வெளிர் நிறத்தில்தான் இருந்தன. மிஷலின் கம்பெனியின் அடையாளமான அந்தக் குண்டு மனிதன் 1898-இல் பிறந்தபோது அன்றைய டயரின் நிறத்திலேயே வெள்ளையாகப் பிறந்தான். இன்றும் அவன் வெள்ளைதான், டயர்தான் கருத்துவிட்டது. கார்பன் பிளாக் சேர்த்தால் ரப்பர் பல மடங்கு தேய்மானம் தாங்குகிறது என்று இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தெரிந்துகொண்டார்கள். பிறகு உலகமே கருப்பு டயருக்கு மாறியது. அழகுக்காக யாரும் கரி சேர்க்கவில்லை. டயரின் கருப்பு அதன் உடம்புக்குள் இருக்கும் பலம். கடையில் வாங்கிப் பூசுவது அதன் மேல் போடும் மை, அவ்வளவுதான்.

சரி, உள்ளுக்குள் கரி இருக்கும்போது வெளியே ஏன் பழுப்பாகிறது? எல்லோரும் செம்மண் என்றே நினைக்கிறார்கள். பாதிதான் சரி. காற்றில் இருக்கும் ஓசோன் ரப்பரை வெடிக்க வைக்கும். அதைத் தடுக்க, டயர் செய்யும்போதே 6பி.பி.டி. போன்ற ரசாயனங்களையும் ஒரு வகை மெழுகையும் ரப்பரோடு கலந்துவிடுகிறார்கள். டயர் உருண்டு, நெளிந்து, சூடாகும்போது இவை கொஞ்சம் கொஞ்சமாக வெளிப்பரப்புக்குக் கசிந்து வருகின்றன. ஓசோன் ரப்பரைத் தொடுவதற்கு முன்னால் இவை முன்னே நின்று அடி வாங்கிக்கொள்கின்றன. அப்படி அடி வாங்கியதன் தழும்புதான் அந்தப் பழுப்பு. வீட்டு வாசலில் படுத்திருக்கும் நாயைப் போல டயர் தன் காவலைத் தானே வெளியே அனுப்புகிறது. நாம் அதை அழுக்கு என்கிறோம்.

இந்தக் கசிவு டயர் சாகும் வரை நிற்காது. நீண்ட நாள் பூச்சுக்கு உள்ள முதல் பிரச்சினை இதுதான். சுவருக்கு பெயிண்ட் அடித்தால் சுவர் சும்மா இருக்கும். டயர் சும்மா இருக்காது. ஒவ்வொரு சுற்றிலும் தரையைத் தொடும் இடத்தில் பக்கச் சுவர் பிதுங்கி, மறுபடி நிமிர்கிறது. கார் ஒரு கிலோமீட்டர் போவதற்குள் டயர் சுமார் ஐந்நூறு தடவை சுற்றிவிடும். உள்ளே இருந்து மெழுகு தள்ளுகிறது, வெளியே இருந்து கல்லும் மண்ணும் உரசுகின்றன, நடுவில் அந்தப் பூச்சு. ஆறு மாதம் தாங்குவது என்பது சாதாரணக் காரியமா?

கடையில் கிடைப்பவை மேலோட்டமாக மூன்று குடும்பம்.

பால் மாதிரி வெள்ளையாக இருப்பது தண்ணீரில் கலந்த சிலிக்கான் எண்ணெய். விலை குறைவு, டயருக்குப் பெரிய கெடுதல் இல்லை, நல்ல மழை ஒன்று வந்தால் போயே போச்சு. இரண்டாவது, எண்ணெய்ப் பிசுக்கோடு கண்ணாடி மாதிரி இருக்கும் ஜெல் அல்லது ஸ்ப்ரே. இதில் சிலிக்கானைப் பெட்ரோலியக் கரைப்பானில் கரைத்திருப்பார்கள். பளபளப்பு அதிகம், சில நாள் கூடுதலாகவும் நிற்கும். ஆனால் காயாது. காயாத பிசுக்கில் சாம்பல் ஒட்டாமல் என்ன செய்யும்? காலையில் ஈரம் சொட்டுகிற மாதிரி மின்னிய டயர், அத்திப்பட்டு வரை ஒரு தரம் போய் வந்தால் திருநீறு பூசியது போல் ஆகிவிடும். போதாததற்கு, சக்கரம் சுற்றும் வேகத்தில் அந்தப் பிசுக்கு தெறித்து கதவுக்குக் கீழே புள்ளி புள்ளியாக விழும். வெள்ளைக் கார் வைத்திருப்பவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

மூன்றாவது குடும்பம்தான் உண்மையில் "பூச்சு" என்ற பெயருக்குத் தகுதியானது. அக்ரிலிக் மாதிரி படலமாகக் காய்ந்து ஒட்டிக்கொள்பவை, செராமிக் என்ற பெயரில் வரும் சிலிக்கா வகைப் பூச்சுகள். காய்ந்தால் கையில் ஒட்டாது, தூசி கழுவினால் போய்விடும், தெறிக்காது. இவை வாரக் கணக்கைத் தாண்டி மாதக் கணக்கில் நிற்கக்கூடியவை என்பது உண்மை. விலையும் அதற்குத் தக்க மாதிரி. ஆனால் நிற்க வேண்டுமானால் டயர் அடியோடு சுத்தமாக இருக்க வேண்டும். புது டயர் என்றால் அச்சிலிருந்து எடுக்கத் தடவிய வழுக்குப் பொருள் மேலே இருக்கும். பழைய டயர் என்றால் முன்பு போட்ட பாலிஷும் பழுப்பும் படிந்திருக்கும். இரண்டையும் எடுக்காமல் பூசினால், தூசி மேல் ஒட்டிய செல்லோ டேப் மாதிரி பூச்சு உரிந்து வரும். உரிந்த டயர் பூசாத டயரைவிட அசிங்கம்.

விளம்பரங்கள் இந்த இடத்தில் அமைதியாகிவிடுகின்றன. "ஆறு மாதம்" என்ற எண் பெரிய எழுத்தில் இருக்கும். அந்த ஆறு மாதத்துக்கு முன்னால் செய்ய வேண்டிய இரண்டு மூன்று மணி நேரத் தேய்ப்பு வேலை பாட்டிலின் பின்பக்கம் எறும்பு சைஸ் எழுத்தில் இருக்கும். சனிக்கிழமை மாலை இருபது கார் வரிசையில் நிற்கும் வாட்டர் வாஷ் கடையில் ஒரு பையன் ஒரு டயருக்கு நாற்பது நிமிடம் தேய்ப்பான் என்று எதிர்பார்ப்பது அநியாயம். அவனுக்கு அதற்குக் கூலியும் கிடையாது. அதனால் விலை உயர்ந்த பூச்சைக் கடையில் கொடுத்து அவசரமாகப் போடச் சொல்கிறவர்கள் காசைக் கரியாக்குகிறார்கள். (கரி இந்த மாவட்டத்திலேயே தயாராகிறது, தட்டுப்பாடு இல்லை!)

காசு என்று வந்த பிறகு கணக்குப் போடாமல் இருக்க முடியாது. பி.காம். முதல் வருடத்திலேயே சொல்லிக்கொடுக்கும் பிரேக் ஈவன் கணக்குதான். விலைகள் ஊருக்கு ஊர் மாறும், இங்கே கணக்குக்காக வைத்துக்கொண்டவை.

ஐந்நூறு மில்லி பால் நிற பாலிஷ் 400 ரூபாய் என்று வைப்போம். நாலு டயருக்கு ஒரு தடவைக்கு 40 மில்லி போனால் பன்னிரண்டு தடவை வரும். ஒரு தடவைக்கு 33 ரூபாய். வாரம் ஒரு முறை போட்டால் மாதம் 133 ரூபாய். செராமிக் மாதிரிப் பூச்சு நாலு டயருக்கு 1,800 ரூபாய் என்று வைப்போம். பாட்டில் சொன்னபடி ஆறு மாதம் நின்றால் மாதம் 300 ரூபாய். கும்மிடிப்பூண்டிச் சாலையில் மூன்று மாதம்தான் நின்றது என்றால் மாதம் 600. அந்த 1,800 ரூபாய் பூச்சு சாதாரண பாலிஷோடு பணத்தில் சமமாக வேண்டுமானால் பதிமூன்று மாதத்துக்கு மேல் நிற்க வேண்டும். அவ்வளவு நாள் தாங்கும் என்று கம்பெனியே துணிந்து எழுதுவதில்லை.

நேரத்துக்கும் விலை உண்டே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. வாராவாரம் கால் மணி நேரம், மாதம் ஒரு மணி நேரம். பூச்சுக்கு ஒரே தடவை மூன்று மணி நேரம். ஒருவர் தன் ஒரு மணி நேரத்துக்கு 100 ரூபாய் மதிப்புப் போட்டால் பாலிஷுக்கு மாதம் 233, பூச்சுக்கு மொத்தம் 2,100. சமமாக ஒன்பது மாதம் ஆகும். மணிக்கு 500 ரூபாய் சம்பாதிக்கும் டாக்டராக இருந்தால் பாலிஷுக்கு மாதம் 633, பூச்சுக்கு மொத்தம் 3,300. ஐந்தே கால் மாதத்தில் சமமாகிவிடும். அவருக்கு ஆறு மாதப் பூச்சு லாபம்தான், அதுவும் அது உண்மையிலேயே ஆறு மாதம் நின்றால். மாதச் சம்பளத்தில் லோன் கட்டிக்கொண்டு சிப்காட்டுக்குப் போய் வருகிறவருக்கு அது லாபம் இல்லை. நீண்ட நாள் பூச்சு பணத்தை மிச்சப்படுத்தும் என்பது பெரும்பாலானவர்களுக்குப் பொய்க் கணக்கு. மிச்சமாவது நேரம் மட்டும்.

இந்தக் கணக்கை வாங்குகிறவரே போட வேண்டியிருக்கிறது என்பதுதான் வருத்தம். பொட்டலப் பொருட்களுக்கான எடை அளவு விதிகள் 2011-இல் வந்தன. தயாரிப்பாளர் பெயர், முகவரி, நிகர அளவு, தயாரித்த மாதம், அதிகபட்ச விலை எல்லாம் பாட்டிலில் இருக்க வேண்டும். ஒரு மில்லிக்கு எவ்வளவு என்ற அலகு விலையும் பிறகு சேர்ந்துகொண்டது. நல்ல விஷயம். ஆனால் டயர் பூச்சு வாங்குகிறவருக்கு மில்லி விலை எதற்கு? அவருக்குத் தேவை நாள் விலை. எந்தச் சாலையில், எத்தனை கழுவலுக்குப் பிறகு, எவ்வளவு மிச்சம் இருந்தது என்று ஒரு வரி போட்டால் போதும். "வாரம் ஒரு கழுவல் வீதம் பன்னிரண்டு கழுவல்" என்று எழுதினால் அது வாக்குறுதி. "ஆறு மாதம் வரை" என்பது ஆசை. 2019-இன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தவறாக வழிநடத்தும் விளம்பரம் என்று ஒன்றைத் தனியாக வரையறுத்து, அதைக் கேட்க ஒரு மத்திய ஆணையத்தையும் 2020-இல் கொண்டுவந்தது. ஆனால் நானூறு ரூபாய் பாட்டிலுக்கு யார் வழக்குப் போடுவார்கள்? அதனால் "வரை" சுகமாக வாழ்கிறது.

பாட்டிலாவது பரவாயில்லை. பல கடைகளில் ஐந்து லிட்டர் கேனில் பெயர், ஊர், தேதி எதுவும் இல்லாமல் ஏதோ ஒன்று இருக்கும். ஸ்பாஞ்சைத் தோய்த்து வெறுங்கையால் தடவுவார்கள். பளபளப்பு கூட வேண்டும் என்று சில இடங்களில் டீசல் கலப்பதும் உண்டு. டீசலும் மண்ணெண்ணெயும் டயர் ரப்பரை ஊற வைத்து உப்ப வைக்கும். ஒரு தடவை பட்டால் டயர் செத்துவிடாது, வாராவாரம் பட்டால் நல்லதில்லை. தடவும் பையனின் கை அதைவிட முக்கியம். நாள் முழுக்க அந்தக் கரைப்பானில் ஊறிய கைக்கு ஒரு ஜோடி ரப்பர் கையுறை வாங்கிக் கொடுக்கச் செலவு எவ்வளவு ஆகிவிடும்? கேனைக் காட்டி "இது என்ன தம்பி?" என்று கேட்கிற வாடிக்கையாளர் நாலு பேர் இருந்தால் கடையும் மாறும்.

இதுவரை சொன்னது காசு விஷயம். இதைவிடப் பெரியது ஒன்று இருக்கிறது.

பழைய கார் வாங்கப் போகிறார்கள் என்று வையுங்கள். முதல் கார், வீட்டில் எல்லோரும் சேர்ந்து பார்க்கப் போவார்கள். டீலர் இடத்தில் வரிசையாக நிற்கும் எல்லா வண்டியின் டயரும் புதுசு மாதிரி கருகருவென்று மின்னும். "டயர் எல்லாம் சூப்பர் கண்டிஷன் சார்" என்பார். அப்பா காலால் ஒரு எத்து எத்திப் பார்த்துவிட்டுத் தலையாட்டுவார். (டயரை எத்திப் பார்ப்பதால் என்ன தெரியும் என்பது இன்றுவரை விளங்காத ரகசியம்.) பளபளப்பான பிசுக்கு டயரின் பக்கச் சுவரில் இருக்கும் மெல்லிய வெடிப்புகளை நிரப்பிவிடும். ஓசோன் கடித்து, வெயிலில் நின்று, காவல் மெழுகெல்லாம் தீர்ந்துபோன டயரும் ஒரு கோட் பாலிஷில் இளமையாகிவிடும். அந்த வண்டியை எடுத்துக்கொண்டு சித்திரை வெயிலில் சென்னை-கொல்கத்தா நெடுஞ்சாலையில் நூறில் போகும்போது அந்த வெடிப்பு தன் வேலையைக் காட்டலாம். உள்ளே குழந்தைகள் இருப்பார்கள்.

1930-ஆம் வருடச் சரக்கு விற்பனைச் சட்டத்தை வணிகவியல் படிக்கும் எல்லோரும் ஒரு செமஸ்டர் மனப்பாடம் செய்கிறார்கள். வாங்குபவரே உஷாராக இருக்க வேண்டும் என்ற கொள்கையும் அதன் விதிவிலக்குகளும் பதினாறாவது பிரிவில் வரும். அதிலேயே ஒரு நுணுக்கம் உண்டு. வாங்குபவர் பொருளைச் சோதித்துப் பார்த்திருந்தால், அந்தச் சோதனையில் தெரிந்திருக்க வேண்டிய குறைக்கு விற்றவரைப் பிடிப்பது கஷ்டம். டயரைப் பார்த்தீர்களா, பார்த்தோம், எத்திக்கூடப் பார்த்தோம். முடிந்தது கதை.

எனவே எத்துவதற்குப் பதிலாகக் குனிய வேண்டும். டயரின் பக்கச் சுவரில் டி.ஓ.டி. என்று தொடங்கும் எழுத்து வரிசையின் கடைசியில் நாலு இலக்கம் இருக்கும். 2000-க்குப் பிறகு வந்த டயர்களில் முதல் இரண்டும் வாரம், அடுத்த இரண்டும் வருடம். 3219 என்றால் 2019-இன் முப்பத்திரண்டாவது வாரம், ஆகஸ்ட் மாதம். இந்த நாலு இலக்கம் சில டயர்களில் ஒரு பக்கம் மட்டும் இருக்கும். அந்தப் பக்கம் உள்ளே திரும்பியிருந்தால் செல்போன் டார்ச்சோடு மண்டி போட வேண்டும். வெட்கப்படாமல் போடுங்கள். டயருக்கு ஐந்து வருடம் ஆனதும் வருடா வருடம் சோதிக்க வேண்டும், பத்து வருடமானால் தேயாவிட்டாலும் மாற்றிவிட வேண்டும் என்பது மிஷலின் போன்ற கம்பெனிகளே சொல்வது. அடுத்து, ஒரு ஈரத் துணியில் கொஞ்சம் சோப்பு எடுத்துப் பக்கச் சுவரில் கையகல இடத்தைத் துடைத்துப் பாருங்கள். மினுமினுப்பு போன பிறகு தெரிவதுதான் டயர். நடுவில் பள்ளங்களுக்குள் குட்டி மேடு மாதிரி ஒரு அடையாளம் இருக்கும். டயர் அந்த மட்டத்துக்குத் தேய்ந்துவிட்டால் 1.6 மில்லிமீட்டர்தான் மிச்சம் என்று அர்த்தம், காருக்குச் சட்டம் அனுமதிக்கும் எல்லை அது. டீலர் முறைத்தால் முறைக்கட்டும், லட்சக்கணக்கில் கொடுப்பது அவர் இல்லை.

பைக்குக்கு வருவோம். சிப்காட் ஷிப்டுக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் பைக்கில்தான் போகிறார்கள். அவர்கள் வாட்டர் வாஷுக்கு விட்டால் கடைக்காரர் "ஃப்ரீயா போட்டுத் தரேன்" என்று பைக் டயரிலும் பாலிஷ் தடவிவிடுகிறார். இதை மட்டும் கட்டாயம் வேண்டாம் என்று சொல்ல வேண்டும். கார் டயரின் பக்கச் சுவர் தரையைத் தொடாது. பைக் திரும்பும்போது சாய்கிறது, சாயும்போது டயரின் ஓரம்தான் தரையைப் பிடிக்கிறது. அந்த ஓரத்தில் சிலிக்கான் எண்ணெய் தடவியிருந்தால் முதல் வளைவிலேயே வழுக்கும். நீண்ட நாள் நிற்கும் பாலிஷ் என்றால் நீண்ட நாள் வழுக்கும். ஸ்ப்ரே அடித்தால் பிரேக் டிஸ்க்கிலும் படும், அது இன்னும் மோசம். காரிலும் இதே காரணத்துக்காக ஸ்ப்ரேயை நேராக டயர் மேல் அடிக்காமல் ஸ்பாஞ்சில் அடித்துத் தடவுவது நல்லது. தரையைத் தொடும் பகுதியில் எந்தக் காலத்திலும் எதுவும் தடவக் கூடாது.

அப்படியானால் நீண்ட நாள் நிற்கும் பூச்சே தேடக் கூடாதா? தேடலாம். சாம்பலும் உப்பும் நிறைந்த ஊரில் காய்ந்த படலமாக நிற்கும் பூச்சு பிசுக்கு பாலிஷைவிட எவ்வளவோ மேல். சொந்தமாக உட்கார்ந்து தேய்க்கப் பொறுமை இருக்கிறவர்கள், பளபளப்பு குறைவாக, பழைய கரும்பலகை மாதிரி மங்கலான கருப்பு தருவதாகப் பார்த்து வாங்குவது நல்லது. அந்த மங்கல்தான் புது டயரின் உண்மையான நிறம். ஈரம் சொட்டும் மினுமினுப்பு டயருக்கு எப்போதும் இருந்ததில்லை. திருமண மண்டப வாசலில் நிற்கும் கார்களைப் பார்த்து வந்த ஆசை அது.

வாங்கும் முன் சோதிக்கவும் ஒரு வழி இருக்கிறது. நாலு டயருக்கும் ஒரேயடியாகப் பூசாமல் ஒரு பின் டயரில் மட்டும் பூசிவிட்டு, எதிர்ப்பக்க டயரை வெறுமனே தேய்த்துக் கழுவி விட்டுவிட வேண்டும். தேதியோடு ஒரு போட்டோ. பிறகு வாரம் ஒரு கழுவல், ஒரு போட்டோ. நாலாவது வாரம் பத்தடி தள்ளி நின்று வீட்டில் வேறு யாரையாவது கூப்பிட்டு எது பூசியது என்று கேட்கலாம். அவர்களுக்கு வித்தியாசம் தெரியவில்லை என்றால் அந்தப் பூச்சின் ஆயுள் அந்தத் தெருவில் நாலு வாரம். பாட்டில் என்ன சொன்னால் என்ன? இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஒரு பாட்டிலை வாங்கிப் பங்கு போட்டால் சோதனைச் செலவும் குறையும்.

அந்த வெறும் டயரைப் பற்றியும் சொல்ல வேண்டும். நல்ல விறைப்பான பிரஷ், சாதாரண கார் ஷாம்பு, பக்கெட்டில் உப்பில்லாத தண்ணீர், துடைக்கப் பழைய துணி. இவ்வளவு போதும். நுரை பழுப்பாக வருவது நிற்கும் வரை பூச்சுப் போடும் நாளில் மட்டும் தேய்த்தால் போதும். வாராவாரம் கடுமையான கெமிக்கல் போட்டுத் தேய்த்தால் டயர் தன் காவலைத் திரும்பத் திரும்ப வெளியே அனுப்பிச் சீக்கிரம் தீர்த்துவிடும்.

அந்தப் பழுப்பு நுரையை எங்கே ஊற்றுகிறோம் என்பதையும் பார்க்க வேண்டும். அமெரிக்காவின் சியாட்டில் பக்கத்தில் மழை பெய்தால் ஓடைகளில் கோஹோ சால்மன் மீன்கள் செத்து மிதந்தன. பல வருடம் தேடி, 2020 கடைசியில் காரணத்தைக் கண்டுபிடித்தார்கள். டயரிலிருந்து வரும் 6பி.பி.டி. ஓசோனோடு சேர்ந்து மாறும்போது உண்டாகும் பொருள்தான் அது. நம் பக்கம் அந்த மீன் கிடையாது. ஆனால் பூண்டி, சோழவரம், செங்குன்றம் ஏரிகளிலிருந்து சென்னைக்குக் குடிநீர் அனுப்பும் மாவட்டம் இது. 2020 நவம்பரில் திறந்த கண்ணன்கோட்டை-தேர்வாய் கண்டிகை நீர்த்தேக்கம் டயர் ஆலை இருக்கும் அதே ஊர்ப் பெயரைச் சுமந்துகொண்டிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கரையில் காரை இறக்கிக் கழுவும் பழக்கம் சிலருக்கு உண்டு. அதை விட்டுவிடலாம்.

கடைசியாகக் காலம். படலப் பூச்சு எதுவானாலும் காய நேரம் வேண்டும். பாட்டிலில் ஒரு மணி நேரம் என்று போட்டிருந்தாலும் ஒரு ராத்திரி முழுக்க வண்டியை நகர்த்தாமல் விடுவது நல்லது. ஐப்பசி, கார்த்திகையில் பூசினால் இந்த மாவட்டத்தில் காயும் முன்பே தண்ணீர் வந்துவிடும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எத்தனையோ கார்கள் கதவு மட்டம் வரை தண்ணீரில் நின்றன. தை பிறந்து பனி குறைந்த பிறகு, வெயில் ஏறாத ஒரு காலை நேரத்தில், நிழலில் நிறுத்தி டயர் கைக்குச் சூடு இல்லாமல் இருக்கும்போது பூசலாம். மெல்லிசாக ஒரு கோட், அது காய்ந்த பிறகு இன்னொரு கோட். வழிகிற அளவுக்குப் போட்டால் வழிந்த இடம்தான் முதலில் உரியும்.